இரண்டு இன்கிரிமென்ட் தூரத்தில் ஒரு கார்

செயலாளர் ஐயா, நீங்கள் பொய் சொல்கிறீர்கள்.

போன மாதம் நம் பழைய நெய்வேலி பிளாக் சங்கத்தின் ஆண்டு விழாவில் உங்களுக்குச் சால்வை போட்டார்கள். நீங்கள் மைக்கைப் பிடித்து அந்தக் காலத்துக் கதைகளைச் சொன்னீர்கள். "இன்னைக்கு பொண்ணுக ப்ளேனு ஓட்டுது. ஆனா அன்னைக்கே நம்ம பிளாக்குல ஒரு டீச்சர் காரு ஓட்டுனாக. அதுக்குப் பின்னால நம்ம சங்கம் நின்னுச்சு. நாங்க குடுத்த ஊக்கம்லா அது" என்றீர்கள். எல்லாரும் கைதட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேர் அப்போது பிறந்திருக்கவில்லை. மீதிப் பாதிக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் வலி, உடனே எழுந்திருக்க முடியவில்லை. நான் எழுந்து நிற்பதற்குள் உங்களுக்கு பாட்டில் சோடா கொடுத்துக் கீழே இறக்கிவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

டீச்சர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் மறுபடியும் வாயில் போட்டு மெல்லுவீர்கள். டீச்சர் என்றாலே அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான்.

நாங்கள் நெய்வேலிக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள். நிலக்கரிச் சுரங்கம் வந்தபோது நிலம் இருந்தவர்களுக்கு நிலத்துக்குப் பணம் வந்தது. நிலம் இல்லாத எங்களுக்கு மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை வந்தது. பல வருடம் மண் வாரிய பிறகு என் வீட்டுக்காரர் பெர்மனென்ட் ஆனார். பெர்மனென்ட் ஆன பிறகு குவார்ட்டர்ஸ் கிடைத்தது. நான் முன்வாசலில் தையல் மிஷின் போட்டு பிளவுஸ் தைத்தேன். எங்கள் பக்கத்து வீடுதான் டீச்சர். ஒரே மாதிரி இரண்டு அறை, ஒரே மாதிரி பச்சைக் கதவு, வாசலில் ஆளுக்கொரு பலாமரம்.

டவுன்ஷிப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே ஒருவருடைய சம்பளத்தை யாரும் கேட்க வேண்டியதில்லை. எந்த டைப் குவார்ட்டர்ஸ் என்று பார்த்தால் கிரேடு தெரிந்துவிடும். கிரேடு தெரிந்தால் சம்பளம் தெரிந்துவிடும். கதவைப் பார்த்தே வரவைச் சொல்லிவிடுவோம். அதனால் செலவும் தெரியும் என்று நினைத்துக்கொண்டோம். அந்தத் தெருவில் நடந்த எல்லாக் கேட்டுக்கும் இந்த ஒரு நினைப்புதான் காரணம்.

டீச்சர் கோயம்புத்தூர்ப் பக்கம். ஒல்லியாக, உயரமாக இருப்பார். நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போவார். என்னை "அம்மிணி" என்று கூப்பிடுவார். நான் அவரைவிடப் பத்து வயது சின்னவள். எனக்கு அந்த மரியாதை புதிது. எங்கள் ஊரில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

தைக்கிறவளுக்கு எல்லார் வீட்டு ரகசியமும் தெரியும். டீச்சர் புடவை நடுவில் நைந்துபோனால் தூக்கிப் போட மாட்டார். நடுவில் கிழித்து, இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவருவார். நைந்த பக்கம் முந்தியின் அடியில் மறைந்துவிடும். பிளவுஸில் கக்கம் போனால் கை மட்டும் மாற்றச் சொல்வார். "இதுக்கு இன்னும் ஒரு வருசம் இருக்குதுங்க அம்மிணி" என்பார். துணிக்குக்கூட அவரிடம் ரிட்டயர்மென்ட் தேதி இருந்தது.

கஞ்சம் என்று தெருவில் பேர் வைத்தார்கள். கஞ்சம் எனக்குத் தெரியும். பெரிய டைப் குவார்ட்டர்ஸ் அம்மாக்கள் கொக்கி வைத்த கூலியைத் தருவதற்கு மூன்று முறை நடக்க விடுவார்கள். டீச்சர் துணியை வாங்கும்போதே கூலியைக் கையில் வைத்துவிடுவார், பேரம் கிடையாது. காபிப்பொடி ஊரிலிருந்து நல்லதாக வரவழைத்துக் குடிப்பார். எனக்கும் ஒரு டம்ளர் வரும். வேண்டாததற்குக் காசு போகக் கூடாது, வேண்டியதற்குப் போகாமல் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அவர்.

அவருக்கு வேண்டியது ஒரு கார்.

எங்கேயாவது அவசரமாகப் போவதற்கு இல்லை. சும்மா ஓட்டுவதற்கு. இதை அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "இன்னா டீச்சர், பஸ்ஸு போவலியா, சைக்கிள் போவலியா? சும்மா ஓட்டறதுக்கு யாராச்சும் காரு வாங்குவாங்களா?" என்றேன்.

"நாங்க சின்னப் புள்ளைங்களா இருக்கறப்ப கோயிலுக்கு மாட்டு வண்டில போவமுங்க. ஆம்பளைங்க முன்னால உக்காந்துக்குவாங்க. பொம்பளைங்களப் பின்னால பாத்து உக்கார வச்சிருவாங்க. போன ரோட்டையே பாத்துட்டுப் போவமுங்க. எனக்கு வர்ற ரோட்டப் பாக்கோணும்னு ஆசைங்க அம்மிணி. அதுவும் என்ற கைல ஸ்டியரிங் இருக்கோணும்."

ஆசைப்படுவது யாருக்கும் முடியும். டீச்சர் அதற்குப் போட்ட வழியைத்தான் நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. மற்றவர்கள் முதலில் வண்டி வாங்குவார்கள், பிறகு பெட்ரோலுக்கு அலைவார்கள். டீச்சர் தலைகீழ். முதலில் வடலூரில் ஒரு லாரி டிரைவரிடம் பணம் கட்டி ஓட்டக் கற்றுக்கொண்டார், லைசென்ஸ் எடுத்தார். அடுத்த வருடம் ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் வந்தன. அதற்கு அடுத்த வருடம் பலாமரத்துக்குப் பக்கத்தில் நாலு கம்பம் நட்டு மேலே தார்ப்பாய் கட்டினார். கீழே ஒன்றும் இல்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அந்தத் தார்ப்பாய் வெறும் தரைக்குக் குடை பிடித்தது. காலையில் எழுந்து உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்.

ஷிப்ட் முடிந்து வருகிற ஆண்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கிண்டல் செய்வார்கள். என் வீட்டுக்காரரும்தான்.

"இன்னா டீச்சர், காரு எங்க?"

"வந்துட்டிருக்குதுங்க."

"எங்க வந்துகினு கீது? பண்ருட்டிலயா?"

"ரெண்டு இன்கிரிமென்ட் தூரத்துல வந்துட்டிருக்குதுங்க."

என் வீட்டுக்காரர் அன்றைக்கு முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்புறம் மைன்ஸில் யாருக்கு எது தாமதமானாலும் அவர் வாயில் அதுதான் வரும்.

டீச்சர் எதையும் மறைக்கவில்லை. யார் கேட்டாலும் சொல்வார். "டி.ஏ. அரிசிக்குங்க, இன்கிரிமென்ட் காருக்குங்க" என்பார். விலைவாசி ஏறினால் டி.ஏ. ஏறும், அது அரிசியோடு சரியாகிவிடும். இன்கிரிமென்ட் அப்படி இல்லை, அது வருடத்துக்கு ஒரு முறை வருகிற புதுக் காசு. மற்றவர்கள் வீட்டில் அது வந்த மாதமே காணாமல் போய்விடும். எங்கே போனது என்று எங்களுக்கே தெரியாது. டீச்சர் அதை வீட்டுக்குள்ளேயே விட மாட்டார். வந்த வழியில் தபாலாபீசுக்கு அனுப்பிவிடுவார்.

தீபாவளிக்கு வட்டியில்லாமல் பண்டிகை அட்வான்ஸ் கொடுப்பார்கள், மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். நாங்கள் அதை வாங்கிப் புடவை எடுத்து, பட்டாசு வாங்கி, வெடித்து முடிப்போம். பிடித்தம் மட்டும் அடுத்த ஆவணி வரை வரும். டீச்சரும் அட்வான்ஸ் வாங்குவார். "எல்லாரும் அட்வான்ஸ்ல சேல எடுப்பாங்க. நான் டயர் எடுப்பனுங்க" என்பார்.

அப்புறம் சீட்டு. தெருவில் ஏலச்சீட்டு நடத்தியவள் நான். மாதாமாதம் பெண்கள் கூடுவோம். அவசரம் இருக்கிறவள் தள்ளுபடி விட்டு முதலில் எடுப்பாள். அந்தத் தள்ளுபடியை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வோம். அவசரம் எல்லாருக்கும் இருக்கும். காதுகுத்து, ஸ்கூல் பீஸ், நாத்தனார் வளைகாப்பு என்று ஏலத்தில் மண்டை உடையும். டீச்சர் மூலையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார்.

"இந்த மாசமாச்சும் கேளுங்க டீச்சர்" என்பேன்.

"எனக்கு அவசரமில்லீங்க. அவசரப்படறவங்க விட்டுக் குடுக்கறத வாங்கிக்கறேன், போதுமுங்க."

ஒவ்வொரு சீட்டிலும் கடைசி ஆள் அவர்தான். முழுப் பணமும் எடுப்பார். கடைசிச் சீட்டு டீச்சர் என்றே ஒரு பட்டம் இருந்தது. நீங்களும் அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள் செயலாளர் ஐயா. உங்கள் வீட்டம்மா எப்போதும் முதல் சீட்டு.

கார் வந்தது. புதுசு இல்லை. மெட்ராசில் யாரோ பெரியவர் வைத்திருந்த பழைய இங்கிலீஷ் கார். ஆமை ஓடு மாதிரி முதுகு, சாம்பல் நிறம். டீச்சரே ஓட்டிக்கொண்டு வந்தார். தெருவில் நுழைந்தபோது குழந்தைகள் பின்னால் ஓடின. பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். ஆண்கள் பேப்பரை மடிக்காமல் மேலாகப் பார்த்தார்கள். டீச்சர் இறங்கி, தார்ப்பாய்க்குக் கீழே விட்டு, கதவைப் பூட்டி, உள்ளே போய் காபி போட்டார். அவ்வளவுதான் விழா.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி வெளியே வரும். மற்ற நாள் சைக்கிள்தான். பலாப்பழக் காலத்தில் ஒரு பழம் காம்பு அறுந்து காரின் முதுகில் விழுந்து குழி போட்டது. நாங்கள் எல்லாம் ஐயோ என்று ஓடினோம். டீச்சர் குழியைத் தடவிப் பார்த்தார். "தகர வேலைக்கு மொற அடுத்த வருசந்தானுங்க" என்று சொல்லிவிட்டு, பழத்தை அறுத்து எங்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்.

இப்படிப்பட்டவரோடு இருப்பது எப்போதும் சுகமாக இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கடல் பார்க்கக் கூட்டிப்போனார். நான் பின் கதவைத் திறந்தேன். "பின்னால உக்காந்தீங்கன்னா நான் டிரைவர் ஆயிருவனுங்க. முன்னால வாங்க" என்றார். அதுவரை நான் எந்த வண்டியிலும் முன்னால் உட்கார்ந்ததில்லை. வடலூர் தாண்டியதும் ரோடு நேராக வந்து என் மடியில் விழுவது மாதிரி இருந்தது. புளியமரங்கள் இரண்டு பக்கமும் விலகி விலகி வழிவிட்டன. டீச்சர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முகத்தில் ஒரு சிரிப்பு, அது அவருக்கே தெரியாது.

குறிஞ்சிப்பாடி தாண்டி ஒரு பாலத்தில் வேலை நடந்தது. சுற்றுவழியில் விட்டார்கள். மண் ரோட்டில் மெதுவாக உருட்டி, ஒருவழியாகக் கடலூருக்கு வந்தோம். மஞ்சக்குப்பம் வந்துவிட்டது. உப்புக்காற்று மூக்கில் ஏறியது. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கத் தயாரானேன். டீச்சர் வண்டியைத் திருப்பினார்.

"இன்னா டீச்சர், கடலு அந்தப் பக்கம் கீது!"

"தெரியுமுங்க. சுத்து வழில பெட்ரோல் போயிருச்சு. இப்பத் திரும்பினாத்தான் வூடு சேருமுங்க."

"இங்க பங்க்கு இல்லியா? நான் தரன் காசு!"

"இந்த மாசத்துப் பெட்ரோல் இவ்வளவுதானுங்க. கடல் அடுத்த மாசமும் அங்கியேதான் இருக்கும்."

வீடு வரும்வரை நான் அவரோடு பேசவில்லை. இறங்கி வந்து என் வீட்டுக்காரரிடம், "அது மனுஷியே இல்ல, மீட்டரு" என்று கத்தினேன். அடுத்த மாதம் அதே ஞாயிற்றுக்கிழமை காலை வந்து ஹாரன் அடித்தார். அன்றைக்குக் கடலைப் பார்த்தேன். என்னை அலையில் நிற்க விட்டு அவர் வண்டியில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். போதும் போதும் என்று நானே சொல்கிறவரை கிளம்பச் சொல்லவில்லை. அந்த நேரத்துக்கும் அவரிடம் ஒரு கணக்கு இருந்திருக்கும். இருக்கட்டும். சொன்னதைச் செய்தார்.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன், செயலாளர் ஐயா.

உங்கள் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். நீங்கள் சங்கத்து ஆட்கள் இரண்டு பேரோடு டீச்சர் வீட்டுக்கு வந்தீர்கள். வாசலில் நின்றுதான் பேசினீர்கள். நான் மிஷினில் இருந்தேன், என் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிந்து உள்ளே படுத்திருந்தார். எல்லாம் காதில் விழுந்தது.

"டீச்சர், மாப்பிள்ள அழைப்புக்கு ஒங்க வண்டி வேணும். பூ அலங்காரம்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்."

"தாராளமா வர்றனுங்க. எத்தன மணிக்குங்க?"

"நீங்க எதுக்கு? ஆளு இருக்கு. சாவியத் தந்தாப் போதும்."

"சாவி யாருக்கும் குடுக்கறதில்லீங்க. நானே ஓட்டறேன். காசும் வேண்டாமுங்க, கல்யாணத்துக்கு என்ற மொய்யா இருக்கட்டும்."

நீங்கள் சங்கத்து ஆட்களைப் பார்த்தீர்கள். "பொம்பள ஓட்ட மாப்பிள்ள பின்னால உக்காந்து வந்தா ஊரு சிரிக்கும்லா?"

"சிரிக்கட்டுமுங்க. கல்யாணத்துல சிரிக்காம வேற எங்க சிரிக்கறதுங்க?"

உள்ளே படுத்திருந்த என் வீட்டுக்காரர் பலமாகச் சிரித்துவிட்டார். அது உங்கள் காதில் விழுந்தது. உங்கள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். வாடகைக் காரில் மாப்பிள்ளை வந்தார். கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. டீச்சர் சொன்ன மொய்யைக் காசாகக் கவரில் வைத்து நேரில் வந்து கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுச் சைக்கிளில் போனார்.

அதற்குப் பிறகுதான் பேச்சு கிளம்பியது. டீச்சர் சம்பளத்தில் கார் எப்படி? எந்த ஆபீசர் வாங்கிக் கொடுத்தது? ஞாயிற்றுக்கிழமை தனியாக எங்கே போகிறாள், யாரைப் பார்க்க? குழாயடியில் பேசினார்கள், கேன்டீனில் பேசினார்கள். ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள். டீச்சரை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காபி கொடுத்து உட்காரவைத்துச் சொல்லியிருப்பார்.

நீங்கள் கேட்டீர்கள். ஆனால் வீட்டுக்கு வந்து கேட்கவில்லை. பொங்கல் விளையாட்டுப் போட்டிக்குப் பரிசு கொடுக்கிற கூட்டம். மைதானத்தில் பிளாக் முழுக்கக் கூடியிருந்தது. பரிசெல்லாம் முடிந்த பிறகு மைக்கைப் பிடித்து, "ஒரு சின்ன விசயம். நான் கேக்கல, நாலு பேரு கேக்காக. நம்ம டீச்சர் சம்பளம் என்னன்னு நமக்கெல்லாம் தெரியும். அந்தச் சம்பளத்துல காரு எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா, நாங்களும் ஆளுக்கொண்ணு வாங்கிருவோம்லா?" என்றீர்கள்.

கூட்டம் சிரித்தது. அது கிண்டல் மாதிரியும் இருந்தது, போலீஸ் விசாரணை மாதிரியும் இருந்தது. உங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

டீச்சர் எழுந்தார். மைக் வேண்டாம் என்று கையைக் காட்டினார். வகுப்பில் பேசுகிற குரலில் எல்லாம் சொன்னார். டி.ஏ., இன்கிரிமென்ட், அட்வான்ஸ், கடைசிச் சீட்டு, தார்ப்பாய் முதல் டயர் வரை எது எந்த வருடம் என்று சொன்னார். கோபப்படவில்லை. யாரோ பின்னாலிருந்து, "எங்களுக்கும் டி.ஏ. வருது, இன்கிரிமென்ட் வருது, காரு வல்லியே!" என்று கத்தினான். மறுபடி சிரிப்பு.

டீச்சர் அந்தப் பக்கம் திரும்பினார். "வேற ஏதாவது வந்திருக்குமுங்க. என்ன வந்துச்சுன்னு நீங்கதான் வூட்டுல பாக்கோணும்."

அப்போது சிரிப்பு நின்றது. நான் எழுந்தேன். "டீச்சரு சொல்றது நெசம். சீட்டு நடத்தறவ நானு. கடைசிச் சீட்டு என் கையாலதான் எண்ணிக் குடுத்தன்" என்றேன்.

நீங்கள் மைக்கில் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "தையக்காரம்மா, இது சங்கக் கூட்டம். ஜாக்கெட்டுக்கு அளவெடுக்க எடமில்ல. உக்காரும்மா."

அதற்குத்தான் அதிகமாகச் சிரித்தார்கள்.

எனக்குப் பல நாள் புரியவில்லை. டீச்சர் சொன்னது கூட்டல் கழித்தல், ஒரு பிள்ளைக்கும் விளங்கும். ஏன் யாரும் நம்பவில்லை? பிறகு புரிந்தது. அவர் சொன்னது உண்மை என்றால், அதே கிரேடில் அதே சம்பளம் வாங்கின நாங்கள் எல்லாம் அந்தக் காசை எங்கே விட்டோம் என்று பதில் சொல்ல வேண்டும். அதைவிட அவரைக் கெட்டவள் என்று சொல்வது சுலபம். ஒரு பொம்பளையைக் கெட்டவள் என்று சொல்ல கணக்கே வேண்டியதில்லை.

அடுத்த வாரம் காரின் கதவில் யாரோ ஆணியால் ஒரு வார்த்தையைக் கீறியிருந்தார்கள். பெரிய எழுத்தில், டிரைவர் பக்கத்துக் கதவில். அந்த வார்த்தையை நான் எழுத மாட்டேன். கீறியது நீங்கள் என்று சொல்லவில்லை. நீங்கள் மைக்கில் சொல்லாமல் விட்டதை அந்த ஆணி எழுதியது என்று சொல்கிறேன்.

நான் ஓடினேன். "டீச்சர், என் வீட்டுக்காரு பெயின்ட் கொண்டாருவாரு. இப்பவே அடிச்சிரலாம்" என்றேன். டீச்சர் பலாப்பழக் குழியைத் தடவிப் பார்த்த மாதிரியே அந்த எழுத்தையும் விரலால் தடவினார். கடைசி எழுத்து வரை தடவிய பிறகுதான் நிமிர்ந்தார்.

"பெயின்ட்டுக்கு மொற சித்திரைலதானுங்க அம்மிணி."

"இதுக்குமா மொற பாப்பாங்க? ஒரு பழைய பெட்ஷீட்டாச்சும் தச்சுத் தரன், போட்டு மூடிக்கினு ஓட்டுங்க!"

"இவங்களுக்காக நான் ஒரு ரூவாயக்கூட எடம் மாத்தி வைக்க மாட்டனுங்க."

அதற்கு மேல் என்ன சொல்ல? மாசி, பங்குனி இரண்டு மாதமும் முறை ஞாயிற்றுக்கிழமையில் கார் வெளியே வந்தது. அந்த வார்த்தை எழுதிய கதவோடு, தெரு வழியாக, சங்க ஆபீஸ் வாசல் வழியாக, மார்க்கெட் வழியாக மெதுவாகப் போனது. டீச்சர் நேராக ரோட்டைப் பார்த்து ஓட்டினார். இரண்டு தடவையும் நான் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். நீங்கள் ஆபீஸ் வாசலில் நின்று கொண்டிருந்தீர்கள். எங்களைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி உள்ளே போனீர்கள். அதிலா ஊக்கம் இருந்தது, ஐயா?

டீச்சரிடம் டியூஷனுக்கு வந்த பெண் பிள்ளைகள் ஒவ்வொன்றாக நின்றன. காசில்லாமல் சொல்லிக்கொடுத்த டியூஷன். சீட்டில் இரண்டு பேர் என்னிடம் வந்து, டீச்சர் இருந்தால் நாங்கள் சேரமாட்டோம் என்றார்கள். அப்படியானால் சேர வேண்டாம் என்று அனுப்பினேன். அந்தச் சீட்டு ஆள் குறைந்து நின்றுபோனது. நான் அதற்கு வருத்தப்படவில்லை.

சித்திரையில் பெயின்ட் அடித்தார், அதே சாம்பல் நிறம். குழியையும் எடுத்துவிட்டார். வைகாசியில் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னார். நான் கோபத்தில், "இவனுங்களுக்காக ஓடிப் போறியா டீச்சர்?" என்று கேட்டேன். முதல் தடவையாக ஒருமையில் கேட்டுவிட்டேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"ஓடலீங்க. ஓட்டீட்டுப் போறேன்" என்றார். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இங்க இருக்கறதுக்கு எவ்வளவு ஆகும்னு நான் போட்ட கணக்குல இது வரலீங்க அம்மிணி" என்றார்.

எல்லாவற்றுக்கும் முன்னாலேயே எடுத்து வைத்திருந்தவர். தேயப்போகிற டயருக்கும் கிழியப்போகிற புடவைக்கும்கூட எடுத்து வைத்திருந்தார். ஒரு மனுஷன் மைக்கில் கேட்கப்போகிற ஒரு கேள்விக்கு மட்டும் எடுத்து வைக்கவில்லை. அதற்கு யார்தான் எடுத்து வைக்க முடியும்?

சாமான் லாரியில் போனது. டீச்சர் காலையில் காரை எடுத்தார். என்னை ஏற்றிக்கொண்டு வடலூர் வரை போய், பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார். திரும்பி வருவதற்கு பஸ் டிக்கெட் காசு, சில்லறையாக, என் கையில் கொடுத்தார். அதற்கும் தனியாக எடுத்து வைத்திருந்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வண்டி ரோட்டில் சின்னதாகிப் போகும்வரை நின்றேன். அவர் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை அவர்.

சில வருடம் பொங்கலுக்குக் கார்டு வந்தது. பிறகு வரவில்லை. இருக்கிறாரோ இல்லையோ தெரியாது.

டீச்சர் உங்களைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதனால்தான் நீங்கள் துணிந்து பொய் சொல்கிறீர்கள். இனி நான் கேட்கிறேன். நான் கேட்கல, நாலு பேர் கேட்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். நானேதான் கேட்கிறேன், இப்போது வடலூரில் குடியிருக்கிற அதே தையல்காரி.

வருகிற பொங்கலுக்கும் சங்கம் கூடும். உங்களை மேடையில் உட்காரவைப்பார்கள், மைக் உங்கள் பக்கத்தில் இருக்கும். அதைப் பிடித்துச் சொல்லுங்கள். அன்றைக்கு அந்தக் கேள்வியை ஏன் கேட்டீர்கள்? அவர் வீட்டு வாசலில் கேட்க முடியாததை ஏன் ஊரைக் கூட்டிக் கேட்டீர்கள்? நீங்கள் கொடுத்ததாகச் சொல்கிற ஊக்கம் அந்தக் கார்க் கதவில் எழுதியிருந்ததே, அது என்ன வார்த்தை? நீங்களும் படித்தீர்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை படித்தீர்கள். உங்கள் வாயால், உங்கள் பேரன் பேத்திகளுக்கு முன்னால், மைக்கில் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள்.

டீச்சர் அன்றைக்கு எழுந்து நின்று எல்லாருக்கும் பதில் சொன்னார். நீங்களும் எழுந்து நில்லுங்கள். முழங்கால் வலியைப் பார்க்காமல் நான் வருவேன். இந்தத் தடவை முன் வரிசையில் உட்காருவேன்.